ஹொசோனோவின் வாசலில் ஹாரி ஸ்டைல்ஸை நிறுத்தாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் குறுக்கிட்டுப் பேசியது முறையல்ல என்று மூன்று நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். குறுக்கிட்டதற்கு வருந்துகிறேன், சொன்னதற்கு வருந்தவில்லை. ஜப்பானிய இசைக்கலைஞர் ஹருவோமி ஹொசோனோவைப் பற்றிய அமர்வு என்று அறிவித்துவிட்டு, ஆங்கிலேயப் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் 2022-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயருக்கு ஹொசோனோவின் ‘ஹொசோனோ ஹவுஸ்’ ஆல்பம் தூண்டுதலாக இருந்தது என்ற ஒரே செய்தியிலேயே அறிமுக உரையை முடித்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடியும் இசையமைத்தும் பிறரின் இசைத்தட்டுகளை உருவாக்கியும் வரும் ஒருவரின் வாழ்வில் அது ஓர் அடிக்குறிப்பு மட்டுமே.

அவர் யார் என்பதை அவருடைய வேலையிலிருந்து சொல்ல முடியாதா? 1947-இல் டோக்கியோவில் பிறந்தவர். தகாஷி மட்சுமோட்டோ, எய்ச்சி ஓட்டாக்கி, ஷிகெரு சுசுகி ஆகியோருடன் ‘ஹேப்பி எண்ட்’ ராக் குழுவை நடத்தியவர். அவர்களின் முதல் இசைத்தட்டு 1970-இல் வந்த காலத்தில், ராக் இசைக்கு ஜப்பானிய மொழி பொருந்தாது, உலகை எட்ட வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று ராக் பாடகர் யூயா உச்சிதா போன்றவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு 1971-இல் வந்த அவர்களின் இரண்டாவது இசைத்தட்டு ‘காஸெமாச்சி ரோமான்’ பதிலாக அமைந்தது. 1964 ஒலிம்பிக்கை ஒட்டி உருமாறிப்போன டோக்கியோவின் பழைய தெருக்களை மட்சுமோட்டோ தம் மொழியில் எழுத, அதிலுள்ள ‘காஸெ ஓ அட்சுமெதெ’ பாடலை ஹொசோனோ தாழ்ந்த, அவசரமில்லாத குரலில் பாடினார்.

“நீங்களும் ‘லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்’ படத்தில்தானே அந்தப் பாட்டைக் கேட்டீர்கள்?” என்று கேட்பீர்கள். ஆம், அந்த 2003-ஆம் ஆண்டுப் படத்தின் வழியாகத்தான் வந்தேன். ஆனால் வந்த பிறகு அந்தப் பாட்டை விடவில்லை. கல்லூரியில் கிதாரை வைத்துக்கொண்டு தமிழில் பாட்டெழுதிய நாட்களில், “ராக் என்றால் ஆங்கிலம், இது நாடகப் பாட்டுபோல இருக்கிறது” என்று ஒரு மூத்த மாணவர் எல்லோர் முன்பும் சொன்னார். அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன். ஜப்பானில் நான்கு இளைஞர்கள் அதே சொல்லைக் கேட்டும் நிறுத்தவில்லை என்று பிற்பாடு படித்தபோது எனக்கு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என் குரல் உயர்ந்தது.

“அவரே அமெரிக்க இசையைப் பார்த்துச் செய்தவர்தானே” என்பது அடுத்த கேள்வி. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. போருக்குப் பின் அமெரிக்கப் படைகளின் வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ‘ஹொசோனோ ஹவுஸ்’ 1973-இல் பதிவானதே சைத்தாமா மாநிலத்தின் சயாமாவில், முன்பு அமெரிக்கப் படையினரின் குடியிருப்பாக இருந்த ஒரு வீட்டில்தான். ஸ்டுடியோவுக்குப் போகாமல் கருவிகளை வீட்டுக்கே கொண்டுவந்து பதிவு செய்தார்கள். கேட்டு வளர்ந்ததை உள்வாங்கித் தன் வீட்டுப் பேச்சாக மாற்றிய ஒருவரை, “பார்த்துச் செய்தவர்” என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

நிறையப் பேர் வந்து சேர்கிறார்களே, அதில் என்ன தவறு என்கிறார்கள். தவறில்லை, வரட்டும். ஆனால் வந்தவர்களிடம் எதைக் கொடுத்தோம்? 1973-இல் பாடகி யூமி அராயின் முதல் ஆல்பத்தில் ஹொசோனோ பேஸ் கிதார் வாசித்ததைச் சொன்னோமா? 1978-இல் ரியூச்சி சகமோட்டோவையும் யுகிஹிரோ தகஹாஷியையும் சேர்த்து ‘யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா’ என்ற மின்னணு இசைக்குழுவைத் தொடங்கியதை? அந்த இருவரும் 2023-இன் முதல் மூன்று மாதங்களுக்குள் அடுத்தடுத்து மறைந்தார்கள். மூவரில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். 1984-இல் நாம்கோ நிறுவனத்தின் வீடியோ விளையாட்டுகளின் இசையைத் தனி இசைத்தட்டாக்கியதையும், 2018-இல் இயக்குநர் கோரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ படத்துக்கு இசையமைத்ததையும்கூட யாரும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓவியர் தாதனோரி யோகூவுடன் இந்தியப் பயணம் போய்வந்த பிறகு, 1978-இல் ‘கொச்சின் மூன்’ என்ற ஆல்பத்தை அவர் வெளியிட்டார். அதன் கடைசி இசைத்துண்டின் தலைப்பிலேயே மெட்ராஸ் இருக்கிறது: ‘மேடம் கான்சுல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்’. நாம் கூடியிருந்தது சென்னையில். ஆங்கிலேயப் பாடகரின் பெயரைப் பலமுறை சொன்ன அந்த அறையில், நம் ஊரின் பெயரைத் தாங்கிய அந்த இசையை ஒரு நிமிடம்கூட ஒலிக்கவிடவில்லை.