காலி நிலம் என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடும் கணக்கில், எங்கள் அரிசோனா வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் புல்டோசர்கள் வந்து நின்றன. சாயங்காலம் நான் பக்கத்து ஊரான சாண்ட்லரிலிருந்து வேலை முடிந்து திரும்பியபோது அங்கே பாலைவனம் இல்லை. மரம் இல்லை, புதர் இல்லை, மேடு பள்ளம் இல்லை, சவரம் செய்த முகம் மாதிரி வழவழவென்று ஒரு மண் தரை, நடுவே தண்ணீர் லாரி ஒன்று புழுதி அடங்கத் தெளித்துக்கொண்டு போகிறது. அக்கம்பக்கத்தில் பேசியபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காலி நிலம்தானே, கட்டட்டும்."

அந்தச் சொல்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பதும் அப்படி வழித்தெடுத்த நிலத்தில் கட்டிய வீட்டில்தான். அரிசோனாவில், பீனிக்ஸுக்குத் தென்கிழக்கே, குயின் கிரீக் பக்கம். 2000-இல் இந்த ஊரின் மக்கள்தொகை 4,316. 2020-இல் 59,519. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். வீடு தேடி வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அந்த எண்ணமும் இல்லை. நர்ஸுக்கும் ஆசிரியருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் கைக்கு எட்டும் விலையில் வீடு வேண்டும். என் கோபம் வீட்டின்மேல் இல்லை, வீடு வருவதற்கு முன்பு நடக்கும் அந்த ஒரு நாள் வேலையின்மேல்.

நம் மொழியில் பாலை என்றாலே வறட்சி, பிரிவு, வழிப்பறி என்றுதான் மனதில் வரும். மற்ற நிலங்கள் வெந்து காய்ந்துபோனால் பாலையாகும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே வந்த புதிதில் நானும் இதை ஏதோ பாழாய்ப்போன நிலம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொனோரன் பாலைவனம் கெட்டுப்போய் இப்படி ஆன நிலம் இல்லை. இதன் இயல்பே இதுதான். பீனிக்ஸில் ஆண்டுக்கு 7 அங்குலம் சொச்சம்தான் மழை, ஆனாலும் அது இரண்டு பருவமாகப் பிரிந்து வருகிறது, குளிர்காலத்தில் தூறலாக, கோடையில் இடி மின்னலோடு. அந்தக் கொஞ்ச நீரை வைத்து இங்கே ஒரு குடும்பமே நடக்கிறது. மெஸ்கீட் மரம், நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், நம் ஊரில் அது எல்லோரும் திட்டும் மரம், இங்கே அது மண்ணின் பிள்ளை. மழை வரும் முன்பே கிரியோசோட் புதரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது.

அப்புறம் சவாரோ. கை தூக்கி நிற்கும் அந்த நெட்டைக் கள்ளி. உலகத்தில் சொனோரன் பாலைவனத்தைத் தவிர வேறெங்கும் தானாக வளராது. முதல் எட்டு ஆண்டுகளில் அது ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும். பூக்கவே முப்பத்தைந்து ஆண்டுபோல ஆகும். முதல் கிளை விட 50 முதல் 70 ஆண்டு, வறண்ட இடமென்றால் 100 ஆண்டுகூட ஆகலாம். 150 ஆண்டுக்கு மேல் நிற்கும். நம் வீட்டுக் கடன் 30 வருடம். அதைக் கட்டி முடிக்கும்போது, நான் குடிவந்த அன்று முளைத்த சவாரோ இன்னும் பூத்திருக்காது.

குட்டிச் சவாரோ தனியாகப் பிழைக்காது. பாலோ வெர்தே மாதிரி ஒரு மரத்தின் நிழலில், அதன் மடியில் வளரும். இங்கே அதைச் செவிலி மரம் என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு மரம் இருந்தது. போன குளிர்காலத்தில் என் மகளோடு நடந்து போனபோது, குனிந்து பார்த்தால் மரத்தடியில் உதிர்ந்த சருகுக்கு நடுவே என் கட்டைவிரல் உயரத்தில் ஒரு சவாரோ. முள்ளெல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. "இது எனக்கு முன்னாலேயே பிறந்ததாப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. கிட்டத்தட்ட உன் வயதுதான் இருக்கும், மூத்ததாகவும் இருக்கலாம் என்று சொன்னேன். வேலை தொடங்கும் முன்பு ஆட்கள் வந்து பெரிய செடிகளை எண்ணி அட்டை கட்டிவிட்டுப் போனார்கள். கட்டைவிரல் உயரத்தை யாரும் எண்ணவில்லை.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அரிசோனாவில் சவாரோவைத் திருடினால், அனுமதியில்லாமல் தோண்டி எடுத்துப்போனால் குற்றம். ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் மாநில வேளாண் துறைக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துவிட்டால், தன் நிலத்தில் இருப்பதை அகற்றலாம். சில நகராட்சிகள் இன்னும் கடுமையான விதிகள் வைத்திருக்கின்றன, பல இடங்களில் அது இல்லை. தோண்டி வேறிடத்தில் நடுகிறார்களே என்றால், சின்னது பிழைக்கும், பெரியது கஷ்டம். அதன் வேர்கள் பெரும்பாலும் நாலைந்து அங்குல ஆழத்திலேயே, தன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் பரவியிருக்கும். லாரியில் ஏற்ற வேண்டுமென்றால் அத்தனையையும் வெட்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர் குடித்த பெரிய சவாரோ ஆறு டன்கூட இருக்கும். உடம்பில் சேர்த்துவைத்த நீரை வைத்து அது பல வருடம் உயிரோடு இருப்பது மாதிரியே நிற்கும், பிறகுதான் சாயும்.

செடியோடு போகும் மற்றதெல்லாம் கணக்கிலேயே வராது. சவாரோவில் ஹீலா மரங்கொத்தி துளை போடும். அந்தத் துளையைச் சுற்றிச் செடி தானே ஒரு ஓடு மாதிரி கெட்டிப்படுத்திக்கொள்ளும். மரங்கொத்தி காலி செய்த வீட்டுக்கு எல்ஃப் ஆந்தை குடிவரும், உலகத்திலேயே எடை குறைந்த ஆந்தை அது. மண்ணுக்கு மேலே கறுப்பாக, பொருக்குத் தட்டினதுபோல ஒரு தோல் இருக்கும். அது உயிருள்ள தோல், நுண்ணுயிர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு காலடி பட்டால் ஆற பல ஆண்டுகள் ஆகும். அதைக் கிழித்தால் மண் காற்றில் எழும். அந்தப் புழுதியில் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோயைத் தரும் பூஞ்சை இருக்கலாம். அமெரிக்காவில் பதிவாகும் வேலி ஃபீவரில் பெரும்பகுதி அரிசோனாவில்தான். வருடம் முழுவதும் காய்ந்து கிடந்து மழையன்று மட்டும் ஓடும் ஓடைகளை இங்கே வாஷ் என்பார்கள். மரங்கள் நிற்பதும், காட்டுப் பன்றி போலிருக்கும் ஹவலீனா நடப்பதும், காடை குஞ்சுகளோடு ஓடுவதும் அதன் வழியேதான். அதைத்தான் முதலில் நிரவி, நேர்க்கோட்டில் ஒரு வாய்க்காலாக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல நான் யார்? அவர்கள் சவாரோவைச் செடி என்று பார்ப்பதில்லை, ஆளாகவே மதிக்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில், செத்த சவாரோவின் விலா எலும்பு போன்ற கட்டைகளால் செய்த துரட்டியால் பழம் பறிக்கிறார்கள். அந்த அறுவடையோடுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. அந்த மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பசியாறிய நிலத்தைத்தான் நாம் காலி என்கிறோம்.

சரி, தண்ணீர். 1980-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டப்படி, பீனிக்ஸ் போன்ற பகுதிகளில் புது மனைப்பிரிவு போட்டால் 100 ஆண்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நல்ல சட்டம், அமெரிக்காவில் இவ்வளவு முன்யோசனை உள்ள சட்டம் குறைவு. ஆனால் ஓட்டை இருக்கிறது. ஆறு மனைக்குக் குறைவாகப் பிரித்தால் இது பொருந்தாது. அப்படி ஐந்து ஐந்தாகப் பிரித்து வளர்ந்த ரியோ வெர்தே ஃபுட்ஹில்ஸ் பகுதிக்கு, 2023 ஜனவரி 1 முதல் லாரித் தண்ணீர் எடுக்க விடமாட்டோம் என்று பக்கத்திலிருக்கும் ஸ்காட்ஸ்டேல் நகரம் நிறுத்தியது. பெரிய பெரிய வீடுகளில் இருந்தவர்கள் கழிவறைக்கு மழைநீர் பிடித்து வைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் மாநில அரசின் கணக்கு வெளிவந்தது: பீனிக்ஸ் பகுதியில் அடுத்த 100 ஆண்டுத் தேவையில் சுமார் 4 சதவீதத்துக்கு நிலத்தடி நீர் இல்லை. நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புது மனைப்பிரிவுகளுக்குச் சான்று தருவதை நிறுத்தினார்கள். எங்கள் குயின் கிரீக் பக்கத்திலேயே, பல காலம் நீரை உறிஞ்சி எடுத்ததால் தரை இறங்கி, பூமி நீளவாக்கில் வெடித்துக் கிடக்கிறது. போய்ப் பார்க்கலாம், பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

வெயிலையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஜூலை 19 அன்று இரவில்கூட 97 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை. திறந்த பாலைவனம் சூரியன் போனதும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தாரும் கான்கிரீட்டும் கூரை ஓடும் பகலில் வாங்கியதை இரவெல்லாம் திருப்பிக் கக்கும். சவாரோ மூச்சுவிடுவது இரவில்தான். இரவு குளிரவில்லையென்றால் அதற்கு மூச்சுத் திணறல். அந்தக் கோடையில் நகரத்துக்குள் சவாரோக்கள் கை உடைந்து விழுந்தன. அந்த ஆண்டு பீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுண்டியில் வெப்பத்தால் இறந்த மனிதர்கள் 645 பேர்.

கட்டுமானத் தரப்பு சொல்லும் ஒன்று நியாயமானது: ஒரு ஏக்கர் பருத்தியோ குதிரைமசாலோ குடிக்கும் தண்ணீரைவிட, அதே ஏக்கரில் கட்டும் வீடுகள் பொதுவாகக் குறைவாகத்தான் செலவழிக்கும். மாநிலத்தின் தண்ணீரில் ஏறக்குறைய முக்கால் பங்கு விவசாயத்துக்குத்தான் போகிறது. ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், ஏற்கெனவே உழுத வயல்களில் கட்டுங்கள், நகரத்துக்குள் வெறுமனே கிடக்கும் மனைகளில் கட்டுங்கள், கொஞ்சம் உயரமாகக் கட்டுங்கள். யாரும் தொடாத பாலைவனத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால், வீடு நிற்கும் இடத்தை மட்டும் சமன்செய்துவிட்டு மிச்சத்தை அப்படியே விடுங்கள், வாஷ் அதன் போக்கில் போகட்டும். முடியாத காரியம் இல்லை. ஸ்காட்ஸ்டேலின் வடபகுதியில் 1991-லிருந்து மனையில் ஒரு பங்கை இயற்கையாகவே விட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே நகரத்து வாக்காளர்கள் 1995-இல் தாங்களே விற்பனை வரியை ஏற்றிக்கொண்டு நிலம் வாங்கினார்கள், இன்று மெக்டவல் மலையையொட்டி 30,000 ஏக்கருக்கு மேல் பத்திரமாக இருக்கிறது. அங்கே வசதியானவர்கள் அதிகம், மனையும் பெரிது என்பது உண்மை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஒரு பாலோ வெர்தே தெரிவது பணக்காரருக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்க வேண்டும்?

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வரும் குடியிருப்பின் அடுத்த கட்டத்துக்கான பொது விசாரணை வரும் மாதம். நான் போகிறேன், மூன்று நிமிடம் பேச விடுவார்கள். இந்தப் பக்கம் வீடு வாங்கும் நண்பர்கள் விற்பனை அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: இந்த இடத்தில் முன்பு ஓடிய வாஷ் எங்கே? வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிரானைட் கல்லும் கிச்சிலி மரமும் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு சவாரோ நிற்கிறது, நாலு கை. கட்டும்போது தோண்டி எடுத்து, பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் அழகுக்கு நட்டது. நாலு பக்கமும் மரச்சட்டம் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நட்ட பிறகு இது மூன்றாவது கோடை. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் காரை நிறுத்தச் சொல்லி அதைத் தொட்டுப் பார்க்காமல் பார்த்துவிட்டு வருகிறாள். மூன்று கை பச்சையாகத்தான் இருக்கிறது. மேற்குப் பக்கத்துக் கை மட்டும் நுனியிலிருந்து மஞ்சள் தட்டிக் கீழே இறங்கிக்கொண்டு வருகிறது.