ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

போன மாதம் எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பு தயாரானது. வேலை மாறப்போகிறது, ஆபரேட்டர்கள் எல்லோரும் புதிய திறன் கற்றுக்கொள்ள வேண்டும், பயிற்சி ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 1 மணி வரை. இதற்கு ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) கிடையாது. சூப்பர்வைசர் என்ற முறையில் என் கையெழுத்தும் கேட்டார்கள். நான் போடவில்லை. முதலாளியிடம் நேரில் சொன்ன காரணங்களை இங்கேயும் எழுதுகிறேன். ஏனென்றால் இது எங்கள் ஒரு கம்பெனியின் பிரச்சினை இல்லை.

வேலை மாறப்போகிறது என்பது உண்மை. கோவையில் எங்களைப் போல இன்ஜின் பாகங்கள் கடைந்து பிழைக்கும் பட்டறைகள் ஏராளம். மின்சார ஸ்கூட்டரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, சைலன்சர் இல்லை. எங்களுக்கு இப்போது வருகிற ஆர்டர் விசாரணைகளில் பாதி, மோட்டார் ஷாஃப்ட்டுக்கும் அலுமினிய ஹவுசிங்குக்கும்தான். வார்ப்பிரும்பு வெட்டிப் பழகிய கைக்கு அலுமினியம் வேறு குணம். வெட்டும்போதே டூல் நுனியில் ஒட்டிக்கொண்டு ஃபினிஷைக் கெடுக்கும். இன்சர்ட் (டூலின் வெட்டும் நுனித் துண்டு) மாற வேண்டும், ஸ்பீடு மாற வேண்டும், வேலையைப் பிடிக்கிற விதமே மாற வேண்டும். கற்றுக்கொள்ளாமல் முடியாது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில்தான் சண்டை.

நான் ஐ.டி.ஐ. முடித்து முதலில் சேர்ந்த பட்டறையில் ஓர் அண்ணன் இருந்தார். லேத்தில் அவர் கை வைத்தால் மைக்ரோமீட்டரே அவரிடம் வந்து சரிபார்த்துக்கொள்ளும் என்போம். சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்வார். சீவல் என்ன நிறத்தில் வருகிறது என்று பார்த்து ஸ்பீடைக் குறைப்பார். அந்தப் பட்டறைக்கு முதல் சி.என்.சி., அதாவது எழுதிக்கொடுத்த புரோகிராம்படி தானே வெட்டும் மெஷின், வந்தபோது மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து மூன்று நாள் ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தார். மேனுவலும் ஆங்கிலம். அண்ணன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாலை என்னிடம், "எனக்கு ஒண்ணும் ஏறலை கண்ணு" என்றார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. 24 வருட அனுபவம் உள்ள மனிதர், சின்னப் பையன்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வார்?

இரண்டாவது வாரம் அது நடந்தது. ஜாபின் (மெஷினில் மாட்டிய வேலைத் துண்டின்) முன்முகத்தைச் சீவி முடித்ததும் டூல் 100 மில்லிமீட்டர் பின்னால் போய், அப்புறம் டூல்களைத் தாங்கும் டரட் சுழன்று அடுத்த டூல் வர வேண்டும். அதற்குப் புரோகிராமில் இசட் 100 என்று எழுதி ஒரு புள்ளி வைக்க வேண்டும். அவர் புள்ளி வைக்கவில்லை. புள்ளி இல்லாவிட்டால் அந்த மெஷினுக்கு அது 100 மில்லிமீட்டர் இல்லை, 100 மைக்ரான். அதாவது 0.1 மில்லிமீட்டர். டூல் ஜாபை விட்டு ஒரு மயிரிழைதான் விலகியது. அந்த இடத்திலேயே டரட் சுழன்றது. நீட்டிக்கொண்டிருந்த போரிங் பார் (துளையைக் குடையும் நீளமான டூல்) ஜாபில் மோதிய சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதை அவருக்குத் தமிழில், மெஷின் முன்னால் நிற்கவைத்து ஐந்து நிமிடம் யாராவது சொல்லியிருந்தால் போதும். அவரை டிரில்லிங் மெஷினுக்கு மாற்றினார்கள். நான்கு மாதத்தில் தானாகவே நின்றுவிட்டார். பட்டறை இழந்தது ஒரு போரிங் பாரை மட்டுமில்லை. டூல் சத்தத்தை வைத்தே தேய்மானம் சொல்கிற அந்தக் காதையும் சேர்த்துத்தான். சி.என்.சி.க்கும் அந்தக் காது வேண்டும்.

நான் தப்பித்தது வேறு விதமாக. டிப்ளமோ முடித்த ஒரு தம்பி டீ இடைவேளையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். மெஷினுக்குக் கொடுக்கிற கட்டளைகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். ஜி00: வேகமாகப் போ, வெட்டாதே. ஜி01: வெட்டிக்கொண்டே போ. எம்03: சுற்று. எம்08: கூலன்ட் திற. எம்09: கூலன்ட் அடை. முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில்: புள்ளி வைத்தாயா? அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், ஆறு நாள் ஷிப்ட் பார்த்த மனிதனை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து ப்ரொஜெக்டரில் படம் காட்டினால் அவன் அந்த அண்ணனைப் போலத்தான் தலையாட்டுவான். எங்கள் ஆபரேட்டர் ஒருவருக்கு ஞாயிறு மட்டும்தான் படுக்கையில் இருக்கும் அம்மாவைக் குளிப்பாட்ட முடிகிற நாள். அவரைப் பார்த்து "கற்றுக்கொள்ள ஆர்வம் இல்லை" என்று ரிப்போர்ட் எழுத நான் தயாரில்லை. பயிற்சி வேலையின் ஒரு பகுதி. வேலை நேரத்தில், சம்பளத்தோடு நடக்க வேண்டும்.

நம் சட்டத்திலும் இந்த யோசனை தாமதமாகத்தான் வருகிறது. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் முதலாளி 15 நாள் சம்பளத்துக்கு இணையான தொகையை அதில் கட்ட வேண்டும். ஆட்குறைப்பு நடந்த 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்குப் போகும். நல்லதுதான். ஆனால் வேலை போன பிறகு 15 நாள் காசை வைத்துக்கொண்டு 47 வயதுக்காரர் என்ன புதுத் தொழில் படிப்பார்? வீட்டு வாடகைக்கே சரியாகிவிடும். வேலை கையில் இருக்கும்போதே கொடுக்க வேண்டியதை, வேலை பறிபோன பிறகு கொடுக்கிறோம். 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன், என் அக்கா மகளே அதில் படித்தாள். அது முதன்மையாக மாணவர்களுக்கானது. ஷிப்டில் நிற்கிற அவர்களின் அப்பாக்களுக்கும் அதே அக்கறை வேண்டும்.

சிங்கப்பூரில் 2015-லேயே ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். 2024-ல் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக 4,000 சிங்கப்பூர் டாலர் வரவு வைத்தார்கள். அதைவிட முக்கியமானது 2025-ல் வந்தது: அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் அவரவர் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 டாலர் வரை உதவித்தொகை. படிக்கிற காலத்தில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அந்த அரசு கணக்கில் எடுத்திருக்கிறது. பணக்கார நாடு, சரி. ஆனால் ஒரு ஷிப்டில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை.

முதலாளி என்னிடம் கேட்டார்: "கத்துக் கொடுத்தா பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடுவாங்களே?" சிலர் போவார்கள். நானே அப்படி வந்தவன்தான். என் முதல் பட்டறையில் கற்றதை இங்கே கொண்டுவந்தேன், அதை வைத்துத்தான் இந்தக் கம்பெனி முதல் சி.என்.சி.யை ஓட்டியது. கோவை வளர்ந்ததே இப்படித்தான். ஒரு பட்டறையில் தொழில் பழகியவர் இன்னொரு பட்டறையைத் தொடங்குவார், அவரிடம் பழகியவர் மூன்றாவதைத் தொடங்குவார்.

மூன்று முறை பேச வேண்டியிருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார். இப்போது செவ்வாயும் வியாழனும் மதியம் 2 முதல் 4 வரை, ஷிப்ட் நேரத்திலேயே, ஆறு பேர். ஒரு பழைய மெஷினைப் பயிற்சிக்கென்றே விட்டிருக்கிறோம். அதில் ஜாப் கெட்டு ஸ்கிராப் ஆனால் யார் பெயரிலும் எழுதுவதில்லை. போன வியாழன், 49 வயது ஆபரேட்டர் ஒருவர் தானே எழுதிய புரோகிராமை சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டினார். ஒரு கை பட்டனில், இன்னொரு கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் குமிழில். அலுமினியம் பளபளவென்று வந்தது. வெர்னியரை வைத்து இரண்டு முறை அளந்துவிட்டு, எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினார்.

அந்தக் கோடு போட்ட நோட்டை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், 38 பக்கம். அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவை கணபதியிலோ யாருக்காவது பயன்படும் என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். ரோபோ லோடிங் (ரோபோவே ஜாபை மெஷினில் வைத்து எடுப்பது) பற்றித் தமிழில் இதேபோல யாராவது எழுதி வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அடுத்த ஆறு பேருக்கு அது வேண்டும்.