ஓசி வைஃபையும் உட்கார ஓர் இடமும்

ஒரு நகரத்துக்கு இலவச வைஃபை வருகிறது என்றால் விளம்பரப் படம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். பளபளவென்று ஒரு கம்பம், அதில் ஆளுயரத் திரை, முதுகுப்பையோடு சிரித்தபடி வரைபடத்தில் விரல் வைக்கும் ஓர் இளைஞர். அவர் அந்த ஊர்க்காரராக இருக்கவே மாட்டார். சொந்த ஊரில் வழி தெரியாமல் யார் நிற்கப் போகிறார்கள்?

ஊர்க்காரர் அந்தக் கம்பத்தைத் தேடி வரும் காரணங்களே வேறு. ரீசார்ஜ் முடிந்துபோயிருக்கும். பேட்டரி நாலு சதவீதத்தில் தள்ளாடும். ஏதோ ஒரு விண்ணப்பத்தை இன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். வீட்டில் ஒரே போன், அதற்கு மூன்று பேர் போட்டி. சிலருக்கு அந்த வீடே கிடையாது.

இதைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. இந்த வசதிகளை யார் மெய்யாகவே பயன்படுத்துகிறார்களோ, அவர்களைத்தான் நகர நிர்வாகங்கள் தொந்தரவாகப் பார்க்கின்றன. யாருக்காக விளம்பரப் படம் எடுத்தார்களோ, அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவோரத்துக் கட்டணத் தொலைபேசிக் கூண்டுகளைக் கழற்றிவிட்டு 2016 தொடக்கத்தில் 'லிங்க்' என்ற கம்பங்களை நட ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் 55 அங்குலத் திரை. அதில் ஓடும் விளம்பர வருமானத்தில்தான் மொத்தமும் நடக்கும். மக்களுக்கு அதிவேக வைஃபை, உள்நாட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் இலவச அழைப்பு, யூஎஸ்பி சார்ஜ், அவசர உதவிக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அப்புறம் இடுப்புயரத்தில் ஒரு டேப்லெட். அதில் பிரவுசர் திறந்து எந்தத் தளத்தையும் பார்க்கலாம்.

வினை அந்தப் பிரவுசரில்தான் வந்தது. ஆட்கள் நாற்காலியும் பெட்டியும் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மணிக்கணக்கில் பாட்டு, படம். சிலர் நடுத்தெருவில் ஆபாசப் படமும் பார்த்தார்கள். அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. குடியிருப்பவர்கள் புகார் செய்தார்கள், செய்தித்தாள்கள் கிண்டலடித்தன, அந்த வருடம் செப்டம்பரிலேயே டேப்லெட்டில் பிரவுசரை எடுத்துவிட்டார்கள். திட்டம் தொடங்கி எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

ஆபாசத் தளங்களை வடிகட்டுவது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஒருவருக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைத்திருக்கலாம், நூலகங்கள் அதைத்தான் செய்கின்றன. ஒரு மனிதன் தெருவோரத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் இணையம் பார்க்கிறான் என்றால், அவனுக்கு உட்கார வேறு இடம் இல்லை என்பதுதான் அங்கே முதல் தகவல். அந்தத் தகவலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரவுசரை எடுத்தார்கள், ஆளும் போய்விட்டான், புகாரும் தீர்ந்தது.

ஆனால் இலவச அழைப்பு இருந்தது. அந்தக் கம்பங்களிலிருந்து அதிகம் அழைக்கப்பட்ட எண்களில் முன்னணியில் நின்றது எது தெரியுமா? அரசு தரும் உணவு உதவி அட்டையில் மீதி எவ்வளவு என்று விசாரிக்கும் எண். விளம்பரப் படத்தில் நின்ற முதுகுப்பை இளைஞரையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொல்ல வந்தது புரிந்துவிடும்.

கம்பங்கள் எங்கே நின்றன என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விளம்பரம்தான் வருமானம் என்றால், விளம்பரதாரருக்குப் பிடித்த தெருவில்தான் கம்பம் முளைக்கும். மன்ஹாட்டனில் நெருக்கமாக, மற்ற பகுதிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. 2021இல் மாநிலத் தணிக்கையே இந்தக் குறையைச் சொன்னது. வைஃபை அதிகம் தேவைப்படும் தெருவும் விளம்பரம் அதிகம் விலைபோகும் தெருவும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

"இப்போதுதான் மொபைல் டேட்டா கொட்டிக் கிடக்கிறதே, பொது வைஃபை யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கூகுளே அப்படித்தான் சொன்னது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லோடு சேர்ந்து 400க்கும் மேற்பட்ட இந்திய ரயில் நிலையங்களுக்கு இலவச வைஃபை கொடுத்தது. 2020இல், டேட்டா மலிவாகிவிட்டது என்று காரணம் சொல்லி விலகிக்கொண்டது. அதற்கப்புறமும் ரயில்டெல் விடவில்லை. இன்று ஆயிரக்கணக்கான நிலையங்களில் அது ஓடுகிறது, ஒரு நாளைக்கு முதல் அரை மணி நேரம் இலவசம்.

டேட்டா மலிவு என்பது சராசரிக் கணக்கு. மாதக் கடைசியில் ரீசார்ஜ் முடிந்தவருக்குச் சராசரி சோறு போடாது. 2018இல் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், நிலையத்து வைஃபையில் பாடங்களை இறக்கி, பெட்டி சுமந்துகொண்டே காதில் மாட்டிக் கேட்டு, கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். எல்லோரும் அவரைக் கொண்டாடினோம், சரிதான். ஆனால் வேறொரு கோணத்தில் பாருங்கள். அவர் வேலை செய்த இடமும் இணையம் கிடைத்த இடமும் ஒன்றாக இருந்தன. யாரும் அவரை அங்கிருந்து கிளப்பவில்லை. அதே நேரம் அதே பாடத்தைக் கேட்டபடி சுமைகூலி அல்லாத ஒருவர் நடைமேடையில் தினமும் உட்கார்ந்திருந்தால், ஒரு வாரத்தில் யாராவது வந்து "இங்கே என்ன வேலை?" என்று கேட்டிருப்பார்கள்.

இப்போது எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். ஓடிபி.

இலவச வைஃபையில் நுழைய உங்கள் மொபைல் எண்ணைக் கேட்கிறது. கொடுக்கிறீர்கள். குறுஞ்செய்தியில் ஓடிபி வருகிறது. அதைப் பார்க்கச் செய்திப் பெட்டிக்குப் போகிறீர்கள். திரும்பி வந்தால் அந்த லாகின் பக்கத்தைக் காணோம்! அது முழு பிரவுசர் இல்லை, இணைப்பு கேட்கும்போது போன் தானாகத் திறக்கும் ஒரு குட்டி ஜன்னல். பல போன்களில் வேறு ஆப்புக்குப் போனால் அது மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. எண்ணை மனப்பாடம் செய்து, அறிவிப்பு மேலே எட்டிப் பார்க்கும் இரண்டு நொடிக்குள் படித்துக்கொள்பவர் பிழைத்தார். பெரியவர்கள் பலர் இந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து, ஓடிபி வர வேண்டுமென்றால் முதலில் வேலை செய்யும் சிம் வேண்டும். ரீசார்ஜ் காலாவதியாகிக் குறுஞ்செய்திகூட வராத நிலையில் இருப்பவர், அண்ணனின் பழைய போனைச் சிம் இல்லாமல் வைத்திருக்கும் பெண், லேப்டாப் மட்டும் வைத்திருக்கும் மாணவன், இவர்கள் யாரும் உள்ளே போக முடியாது. ஏற்கெனவே இணைப்பு இருப்பவருக்கு மட்டும் இணைப்பு. பாதுகாப்புக்காக அடையாளம் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூலக அட்டை எண், கவுன்டரில் தரும் ஒரு நாள் சீட்டு என்று எத்தனையோ வழி இருக்கிறது. யோசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தொடுதிரைகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. வெயில் நேரத்தில் அதில் நம் முகம்தான் தெரியும், தலைசீவ உதவும். அடுத்த பேருந்து எப்போது என்று பார்க்கப் போனால் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும், அது முடிந்து தகவல் வந்து, நாம் நம் தடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் மறுபடி விளம்பரம். பேருந்தே வந்துவிடும். அதோடு கூச்சம் வேறு. நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க ஒரு பெரிய திரையைத் தட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. நான் கவனித்தவரை முதலில் தொடுவது குழந்தைகள்தான். ஒரு குழந்தை தட்டினால் அதன் அம்மா எட்டிப் பார்ப்பார், பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். ஆள் இருக்கும் திரைக்குத்தான் ஆள் சேரும் என்பதை ஆய்வாளர்கள் 2003லேயே எழுதிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக லண்டனில் 2007இல் தொடங்கிய 'லெஜிபிள் லண்டன்' வழிகாட்டிப் பலகைகள். மின்சாரமே வேண்டாம், வெறும் அச்சிட்ட வரைபடம். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்களோ அந்தப் பக்கம் வரைபடத்தில் மேலே இருக்கும். ஐந்து நிமிட நடை எதுவரை, பதினைந்து நிமிட நடை எதுவரை என்று வட்டம் போட்டிருக்கும். ஹேங் ஆகாது. உள்ளூர்க்காரர்கூட அதைப் பார்த்து "அட, இவ்வளவு பக்கமா" என்று ரயிலை விட்டுவிட்டு நடக்கலாம்.

'இலவசம்' என்பதற்கு நாம் வேறு வகையில் விலை கொடுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வைஃபை ஆன் செய்த போன் அக்கம்பக்கத்தில் இணைப்பைத் தேடும்போது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணையும் ஒலிபரப்பிக்கொண்டே போகும். 2013இல் லண்டனின் வணிகப் பகுதியில், திரை பொருத்திய குப்பைத்தொட்டிகள் அந்த எண்களைக் குறித்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. யார் எத்தனை தடவை கடந்து போகிறார்கள் என்று விளம்பரத்துக்காகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். குப்பைத்தொட்டி! நகர நிர்வாகம் உடனே நிறுத்தச் சொன்னது. அதே லண்டன் சுரங்க ரயிலில் 2016இல் நான்கு வாரம் வைஃபை இணைப்புகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நிலையங்களில் அறிவிப்பு ஒட்டி, வேண்டாதவர்கள் வைஃபையை அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அடையாளத்தை மறைத்துச் செய்தார்கள். கிங்ஸ் கிராஸிலிருந்து வாட்டர்லூ போக மக்கள் 18 வெவ்வேறு வழிகளில் போகிறார்கள் என்று தெரியவந்தது. இப்படி ஒரு தகவலால் பயணிகளுக்கும் லாபம் உண்டு. இரண்டு இடத்திலும் தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்டுச் செய்ததும் கேளாமல் செய்ததும்தான் வேறு.

இப்போதைய போன்கள் அந்த எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன, பெரும்பாலான தளங்களும் குறியாக்கம் செய்யப்பட்டவை. அதனால் பொது வைஃபை என்றாலே பேயைக் கண்டதுபோல் அலறத் தேவையில்லை. போலிப் பெயரில் வைஃபை வைத்து ஏமாற்றுபவர்கள் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கொரோனா காலத்தில் அமெரிக்காவில் பல நூலகங்கள் கதவைப் பூட்டின, வைஃபையை மட்டும் அணைக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து பிள்ளைகள் படித்தார்கள். 2020 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சலினாஸில் ஒரு துரித உணவகத்துக்கு வெளியே இரண்டு சிறுமிகள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பாடம் படிக்கும் படம் உலகமெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் கலங்கினார்கள், உதவி குவிந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பு நியூயார்க்கில் பெட்டி போட்டு உட்கார்ந்தவரும் அதே தரையில்தான் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து யாரும் கலங்கவில்லை.

இனி எந்த ஊரிலாவது இப்படி ஒரு திட்டம் போடுகிறவர்கள் திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் பணத்தில் நிழலோடு ஒரு பெஞ்ச், உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் நாலு பிளக், சிம் இல்லாமலும் நுழைய ஒரு வழி. பெஞ்சின் நடுவில் யாரும் படுக்கக் கூடாது என்று இரும்புக் கம்பி வைப்பார்களே, அதை மட்டும் வைக்காதீர்கள்.