ஜர்னல் எண்ணிக்கையும் கணக்கில் வரவேண்டும்
பல சர்வர்கள் ஒரே வட்டைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஜிஎஃப்எஸ்2 கோப்பு அமைப்பைப் பற்றிய கட்டுரையில், கிளஸ்டரின் (சேர்ந்து இயங்கும் சர்வர்களின் தொகுப்பின்) வருங்கால வளர்ச்சிக்கு வட்டின் கொள்ளளவைத் தாராளமாக ஒதுக்கினாலே போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. ஜிஎஃப்எஸ்2 கோப்பு அமைப்பை ஒரே நேரத்தில் மவுன்ட் செய்யும், அதாவது இணைத்துப் பயன்படுத்தும், ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) தேவை. மூன்று ஜர்னல்களோடு உருவாக்கிவிட்டு நான்காவது சர்வரை இணைத்த அன்று, வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் மவுன்ட் ஆகாமல், நள்ளிரவு வரை பிழைச்செய்தியோடு போராடினோம். இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பிலேயே ஜர்னலைப் பின்னர் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் இயல்பாக 128 மெகாபைட் இடம் வேண்டும் என்பதால், வட்டு நிரம்பிவிட்ட பிறகு அந்த வழியும் கைகொடுக்காது. தொடக்கத்திலேயே இரண்டு மூன்று ஜர்னல்களைக் கூடுதலாக வைத்துவிட்டால் இந்தத் தவிப்பே இல்லை. மேலும், இந்த அமைப்பைப் பெரிதாக்க முடியுமே தவிரச் சுருக்க முடியாது என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டும்.