வியாபாரிகளை ஏன் எப்போதும் கடைசியில் கூப்பிடுகிறீர்கள்?

நகர்மன்றக் கூட்டத்தில் நாய் விவகாரமும் நடைபாதைக் கடை விவகாரமும் ஒரே நாளில் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாயைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அதனால் எல்லோரும் பேசுகிறார்கள். பூங்காவில் அவிழ்த்து விடலாமா, கழிவை யார் அள்ளுவது என்று மாறி மாறி வாக்குவாதம். சரி, பேசட்டும், ஆனால் பேச வேண்டியதைப் பேசுகிறார்களா? ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எத்தனையோ வருடமாகச் சொல்கிறது. அந்த ஊசிக்கும் கருத்தடைக்கும் பணம் ஒதுக்குவதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

அப்புறம்தான் வியாபாரிகள் முறை. அன்றைய பிழைப்பை விட்டுவிட்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோன உரிமத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம், நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஒரே வரியில் சொல்லி ஒத்திவைத்துவிடுகிறார்கள். அதுவரைக்கும் பழைய விதிதான். எங்கே நிற்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும், எங்கே நிற்கலாம் என்று தெளிவாக ஒரு வரி இருக்காது. வண்டியைப் பறிமுதல் செய்தால் அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும், அந்த வண்டியே இல்லாமல் அபராதத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

இவர்களை முதலில் பேசவிட்டு வேலைக்கு அனுப்புங்கள். நாய் விவாதத்தை அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளுங்கள்.