பல் பிடுங்கிய ரோபோகாப்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 2014-இல் வந்த ‘ரோபோகாப்’ ரீமேக்கை மறுபடி பார்த்தேன். சாகக் கிடக்கிற மர்ஃபி என்ற போலீஸ்காரனை ஒரு கம்பெனி பாதி இயந்திரமாக்கிவிடும் கதை. மோசமான படம் இல்லை. அதுதான் கடுப்பே. மோசமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

1987-இல் பால் வெர்ஹோவன் எடுத்த மூலப்படத்தில் ஒரு போர்டு மீட்டிங் வரும். போலீஸ் வேலைக்காகக் கம்பெனி செய்த ஈடி-209 என்ற ராட்சத இயந்திரத்துக்கு டெமோ. ஓர் இளம் அதிகாரியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அதன் முன்னால் நீட்டச் சொல்கிறார்கள். ஆயுதத்தைக் கீழே போடச் சொல்லி 20 விநாடி கெடு கொடுக்கிறது இயந்திரம். அவரும் போட்டுவிடுகிறார். அதற்கு அது உறைக்கவில்லை. எண்ணி முடித்து ஆளைச் சல்லடையாக்கிவிடுகிறது. கிழட்டு முதலாளிக்குக் கோபம் வருகிறது, ஆனால் செத்தவனுக்காக இல்லை. வேலை தள்ளிப்போனால் வட்டியே 5 கோடி டாலர் ஆகுமாம்! பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும், சிரித்துவிட்டோமே என்று கூச்சமும் வரும். இந்த ரத்தக்களறிக்காகவே ‘எக்ஸ்’ (பெரியவர்களுக்கு மட்டும்) சான்றிதழ் கிடைத்து, திரும்பத் திரும்ப வெட்டிய பிறகுதான் படம் தியேட்டருக்கு வந்தது.

ரீமேக்கை எடுத்த ஜோஸே பாடில்யாவும் சாமானியர் இல்லை. ரியோ போலீஸைப் பற்றிக் காட்டமான படங்கள் எடுத்த பிரேசில்காரர். முதல் காட்சியே டெஹ்ரானில். அமெரிக்க ரோபோக்கள் வீதியில் மக்களை வரிசையாக நிறுத்திச் சோதனை போட, சாமுவேல் ஜாக்சன் டிவியில் அதை நேரலையாகக் காட்டிப் புளகாங்கிதம் அடைகிறார். ட்ரோன் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. அப்புறம் அந்தக் கண்ணாடிக் காட்சி. கவசத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர, மர்ஃபியிடம் மிச்சம் இருப்பது முகம், நுரையீரல், ஒரு கை. மூலப்படத்தில்கூட இப்படி ஒரு காட்சி இல்லை என்று சத்தியம் செய்வேன்.

பிறகு படம் பயந்துவிடுகிறது. மூலப்படத்துக்கு ஆன செலவு சுமார் 1.3 கோடி டாலர். இதற்கு 10 கோடி. அவ்வளவு பணத்தைக் கொட்டினவர்கள், ஒரு ஆள்கூட முகம் சுளிக்கக் கூடாது என்றுதானே பார்ப்பார்கள்? பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும் என்று பி.ஜி.-13 சான்றிதழுக்கு ஏற்ற மாதிரி எடுத்தார்கள். கல்ட் படம் என்பதே பாதிப் பேர் எழுந்து போய்விட, மீதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின படம்தான். அதை எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி எடுக்கிறேன் என்றால், பாகற்காயில் கசப்பை எடுத்துவிட்டு வறுக்கிற கதை.

உடனே ‘ரீமேக்கே கூடாது’ என்று கொடி பிடிக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஜான் கார்பென்டரின் ‘தி திங்’ (1982), டேவிட் க்ரோனென்பெர்கின் ‘தி ஃப்ளை’ (1986) இரண்டுமே பழைய படங்களின் மறு ஆக்கம்தான். ‘தி திங்’ கதையில் அந்த ஜந்து எந்த மனிதனாகவும் உருமாறும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மனிதன்தானா என்று தெரியாது. 1951-இல் எடுத்தவர்கள் அந்தச் சமாச்சாரத்தையே விட்டுவிட்டு, வழக்கமான ஒரு ராட்சதனைக் காட்டினார்கள். கார்பென்டர் மூலக்கதைக்கே திரும்பிப் போய் அந்தச் சந்தேகத்தை எடுத்து வந்தார். ஸ்பீல்பெர்கின் செல்ல வேற்றுக்கிரகவாசிப் படம் ‘ஈ.டி.’ வந்து இரண்டே வாரத்தில், அதுவும் ‘பிளேட் ரன்னர்’ வெளியான அதே நாளில் ரிலீஸாகி அடி வாங்கியது என்பது வேறு விஷயம்.

‘டோட்டல் ரீகா’லுக்கு நடந்தது நேரெதிர். 1990 படம் செவ்வாய் கிரகத்துக்குப் போனது. 2012 ரீமேக் செவ்வாயையே தூக்கிவிட்டு, பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே பூமியைத் துளைத்து லிஃப்ட் விட்டது. செவ்வாய் போனதோடு அந்தப் படத்தின் கிறுக்குத்தனமும் போய்விட்டது. சரி, லிஃப்ட் மட்டும் நன்றாக இருந்தது.

என் கணக்கு இதுதான்: பழைய படம் விட்டுவிட்டதை எடுத்துவர ரீமேக் செய்யலாம். பழைய படத்தில் இருந்ததை உருவிக்கொள்ள எதற்கு? ‘ட்ரெட்’ (2012) ஞாபகம் இருக்கிறதா? அதே காமிக்ஸ் போலீஸ்காரன் கதையை 1995-இல் எடுத்தபோது ஸ்டாலோன் கழற்றிய ஹெல்மெட்டை கார்ல் அர்பன் கடைசி வரைக்கும் கழற்றவே இல்லை. ஒரே கட்டடம், ஒரே நாள், கொஞ்சமும் சமரசம் இல்லாத வன்முறை. தியேட்டரில் படுத்துவிட்டது. ஆக, என் கணக்குப்படி எடுத்தாலும் காசு வராது. தயாரிப்பாளர்கள் என் பேச்சைக் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது.

இருந்தாலும் ஒரு படத்தை யாராவது எடுத்தே ஆகவேண்டும் என்று ஆசை. ‘லோகன்ஸ் ரன்’, 1976. கூண்டுக்குள் ஒரு சொகுசு நகரம், உள்ளங்கையில் ஒரு படிகக்கல். 30 வயதானால் கல் மினுங்கும், கதை முடிந்தது. அதையும் கூட்டம் கூடிக் கைதட்டிப் பார்ப்பார்கள். யோசனை பிரமாதம், ஆனால் நகரத்தைக் காட்டும்போதெல்லாம் கொலு பொம்மை மாதிரி இருக்கும். அது வெளியான காலத்தைவிட, நாற்பதைத் தாண்டியவன் ரெஸ்யூமே அனுப்பவே யோசிக்கிற இந்தக் காலத்துக்குத்தான் பொருந்தும். படத்துக்கு மூலமான நாவலில் அந்த வயது வரம்பு 30 கூட இல்லை, 21. அதையே வைத்து எடுங்கள், முதல் ஷோவுக்கு நான் வருகிறேன்.