கார்டனைக் கிளப்பச் சொன்னால் இவ்வளவு கோபமா?

முந்தாநாள் பதிவுக்கு வந்த அந்தக் கமெண்ட்டைப் பார்த்திருப்பீர்கள். "ரயில்வே கேட்டில் நின்று வளர்ந்தவனெல்லாம் நியூயார்க் ஸ்டேஷனுக்கு யோசனை சொல்கிறான்." பக்கத்தில் சிரிப்பு பொம்மை மூன்று. லைக் போட்டவர்களில் என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

நான் சொன்னது ஒன்றுதான். மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்கிற விளையாட்டரங்கம், நியூயார்க்கின் பென் ரயில் ஸ்டேஷன் தலைமேலிருந்து இறங்க வேண்டும். கூடைப்பந்து வேண்டாம் என்றா சொன்னேன்? அங்கே ஆடுகிற நிக்ஸ் டீம் தோற்றால் சாப்பிடாமல் படுக்கிற ஆள் நான்.

கார்டன் வரலாற்றுச் சின்னமாம். 1910இல் திறந்த அந்தக் கம்பீரமான ஸ்டேஷனை 1963இல் இடிக்கத் தொடங்கி, 1968இல் அதே இடத்தில் திறந்தது இது. இதுவே நான்காவது கார்டன். பெயரில் உள்ள மேடிசன் ஸ்கொயரை விட்டு 1925லேயே கிளம்பியாயிற்று. அப்போதெல்லாம் அழியாத வரலாறு இப்போது மட்டும் அழிந்துவிடுமா?

"நூறு கோடி டாலர் போட்டுப் புதுப்பித்தார்களே" என்பீர்கள். அந்த வேலை முடிந்த 2013இல்தான் அங்கே அரங்கம் நடத்தக் கொடுத்த 50 வருட அனுமதியும் முடிந்தது. குத்தகை முடிகிற வீட்டுக்கு மார்பிள் போட்டது யார் குற்றம்? நகர மன்றம் அப்போது பத்து வருடம் கொடுத்தது, 2023இல் இன்னும் ஐந்து. 2028இல் மறுபடி இதே பஞ்சாயத்து. 1982லிருந்து சொத்து வரியும் கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்.

"ரயிலுக்கு மேலே இருப்பதால்தானே கார் இல்லாமல் ஆட்டம் பார்க்கிறோம்?" இது நியாயமான கேள்வி. பக்கத்துத் தெருவில் கட்டினால் நடக்க மாட்டீர்களா? செலவு யார் கொடுப்பது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் என்ன மேயரா?

மேலே இருக்கைகள் இருபதாயிரம்கூட இல்லை. கீழே கொரோனாவுக்கு முன்பு நாளொன்றுக்குச் சுமார் 6 லட்சம் பேர். மேலே இருப்பதைத் தாங்கும் தூண்கள் பிளாட்பாரத்திலேயே காலூன்றி நிற்கின்றன. எதிரே 2021இல் திறந்த மொய்னிஹான் ஹால், அதாவது ரயில் பயணிகளுக்கான புதுக்கூடம், அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். அங்கிருந்து இறங்கினாலும் ரயில் நிற்பது அதே குறுகிய பிளாட்பாரம்.

அப்பா 34 வருடம் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். அவருக்கு ஸ்டேஷன் என்றால் எழும்பூர், 1908இல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம். 2017இல் இங்கே அழைத்து வந்தேன். ரயிலைவிட்டு இறங்கிப் படியேறி, கைக்கெட்டுகிற மாதிரி இருந்த கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, "ஸ்டேஷன் எங்கடா?" என்றார்.

"இதுதாம்பா."

நம்பவில்லை. திரும்பும்போது போர்டில் டிராக் எண் விழுந்ததும் கூட்டம் மொத்தமும் படிக்கு ஓடியது. அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு தூணோரம் ஒதுங்கினார். "எல்லாரும் போகட்டும்டா" என்றார். அடுத்த ரயிலில்தான் வீடு வந்தோம்.

ரயில்வே கேட்டில் நின்று வளர்ந்தவன் என்றீர்கள். நிற்கவில்லை ஐயா, கேட்டுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவும் முகநூலில் இருக்கிறார், அந்தக் கமெண்ட்டை அவரும் படித்திருக்கிறார். நேற்று ராத்திரி போன் செய்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தக் கூரையை இன்னும் உசத்தலையாடா?" என்று மட்டும் கேட்டார்.